துப்பாக்கி மருந்தும் மே மாத வெயிலும்

மேட்டுப்பாளையத்தில் ஏறி ஊட்டி போகிற மலை ரயிலில், குன்னூர் தாண்டி, வெலிங்டன் தாண்டி, அடுத்து வருகிற ஸ்டேஷன் அருவங்காடு. சின்ன வயசில் ஒரு தடவை அங்கே வண்டி நின்றபோது மரங்களுக்கு நடுவே நீளமாக ஓடிய மதிலைக் காட்டி அப்பாவிடம் என்னன்னு கேட்டேன். "கார்டைட் பேக்டரி" என்றார். கார்டைட்டுன்னா? "மருந்து." ரொம்ப நாள் வரைக்கும் அது காய்ச்சல் மாத்திரை செய்கிற இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நம் மொழியில் நோய்க்கும் மருந்து, துப்பாக்கிக்கும் மருந்து. குழந்தை என்ன செய்யும்?

அந்த மதிலுக்குப் பின்னால் 1903-04 காலத்தில் இருந்து துப்பாக்கி, பீரங்கிகளுக்கான உந்துமருந்து செய்கிறார்கள். பக்கத்தில் இருக்கிற காட்டேரி அருவியில் மின்சாரம் எடுத்தது இந்தத் தொழிற்சாலைக்காகத்தான். இந்தியாவின் ஆரம்பகால நீர்மின் நிலையங்களில் அதுவும் ஒன்று. குளிர்ந்த மலையில் செய்த மருந்து, கொதிக்கிற சமவெளியில் சுடப்படும். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது என்பது போன வருஷம் வேறு எதையோ தேடிப் படித்தபோதுதான் உறைத்தது.

தேடியது இதுதான். அமெரிக்காவில் நீண்ட தூரம் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர்கள், கடையில் விற்கிற தோட்டாவை நம்பாமல் வீட்டு மேசையிலேயே தங்கள் தோட்டாவை நிரப்பிக்கொள்கிறார்கள். ஹேண்ட்லோடிங் என்று பெயர். அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருவது, "இந்த மருந்து வெயிலுக்கு அசையுமா, அசையாதா?" என்ற கேள்வி. அதன் வரலாற்றைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் அது பிரிட்டிஷ் இந்தியாவின் கோடைக்காலத்தில் வந்து நிற்கிறது. (ஒரு விஷயம் முதலிலேயே: நம்ம ஊரில் தோட்டா தயாரிப்பது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் குற்றம். இது வரலாறு, செய்முறை இல்லை.)

தோட்டா என்பது நாலு பொருள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தருகிற கேப், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்ட பிறகு போய்விடுவது மூன்றுதான். கூடு கையில் மிஞ்சும். அதற்குத்தான் விலையும் அதிகம். அதை மறுபடி அளவுக்கு அழுத்தி, புதுக் கேப் வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, புதுக் குண்டைச் செருகினால் புதுத் தோட்டா. மருந்தை நிறுக்கிற அலகு கிரெயின். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. ஒரு கிரெயின் 0.065 கிராம். நம் தட்டார்களின் குன்றிமணி எடையில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதிக் குன்றிமணியில் பத்தில் ஒரு பங்கு கூடுதலா குறைவா என்று உட்கார்ந்து நிறுக்கிற மனிதர்கள் இவர்கள்.

இவ்வளவு துல்லியமாக நிறுத்த மருந்தும் காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் எரியும். காரணம் எளிது. மருந்துத் துணுக்கு மேற்பரப்பில் இருந்து அடுக்கு அடுக்காக உள்நோக்கி எரிகிறது. ஒவ்வொரு அடுக்கும் எரிநிலைக்குச் சூடாக வேண்டும். ஏற்கெனவே வெயிலில் கிடந்து சூடான மருந்துக்கு அந்தத் தூரம் குறைவு. எனவே வேகமாக எரியும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் எரிதல் இன்னும் வேகமாகும். ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்? சாதாரண மருந்துகளில் ஒரு டிகிரி பாரன்ஹீட்டுக்குக் குண்டின் வேகம் வினாடிக்கு ஒன்று, ஒன்றரை அடி மாறுவது சகஜம். ஊட்டியின் 20 டிகிரி செல்சியஸில் பழகிய தோட்டாவை வேலூரின் 40 டிகிரியில் சுட்டால் நடுவே 36 டிகிரி பாரன்ஹீட் இருக்கிறது. குண்டின் வேகம் வினாடிக்கு 50 அடி கூடிவிடும். 2600 அடியில் 50 அடி என்றால் இரண்டே சதவீதம், அற்பம். ஆனால் 600 கெஜத்தில் குண்டு விழும் இடம் ஐந்தாறு அங்குலம் மேலே போய்விடும். போட்டியில் தோற்க அது போதும். அதைவிட முக்கியம், அழுத்தம் இரண்டு சதவீதத்தோடு நிற்காது. வேகத்தைவிடக் கூடுதலான விகிதத்தில் ஏறும். தோட்டா ஏற்கெனவே உச்ச அளவில் நிரப்பப்பட்டிருந்தால் மே மாதம் அதை எல்லைக்கு வெளியே தள்ளிவிடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும், ஏன்னா நானே இதில் பல வாரம் மாட்டிக்கொண்டேன். வெப்பம் மருந்தை இரண்டு விதமாகத் தொடுகிறது. ஒன்று இப்போது சொன்னது: அன்றைய சூடு. மாலையில் குளிர்ந்தால் மருந்து பழையபடி ஆகிவிடும். இன்னொன்று வருஷக்கணக்கான சூடு. அது மருந்தின் வேதியியலையே அரித்துவிடும், திரும்பி வராது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'ஸ்டேபிள்' என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவது சிக்கலை உலகம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருமளவு தீர்த்துவிட்டது. முதல் சிக்கலுக்கு நல்ல விடை வர 1990கள் ஆனது. இந்த எண்பது, தொண்ணூறு வருஷ இடைவெளி எதனால் என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

பழைய கரிமருந்துக்கு இந்தத் தொல்லையே பெரிதாகக் கிடையாது. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்த அந்தக் கலவைக்கு எதிரி ஈரம்தான். வெயிலை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. நாட்டுத் துப்பாக்கியில் மருந்தைப் போட்டு இடித்த நம் தாத்தாக்கள் ஐப்பசி மழைக்குப் பயந்தார்களே தவிர, கத்திரி வெயிலுக்குப் பயப்படவில்லை.

1884-ல் பிரான்சில் பால் வியேய் என்ற வேதியியலாளர் நைட்ரோசெல்லுலோஸில் இருந்து புகையில்லா மருந்தைச் செய்தார். 1887-ல் ஆல்ஃபிரட் நோபல் அதனோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்துப் பாலிஸ்டைட் என்றார். 1889-ல் பிரிட்டனில் ஃபிரெடரிக் ஏபலும் ஜேம்ஸ் டியூவரும் அதே வழியில் கார்டைட்டுக்குக் காப்புரிமை எடுத்தார்கள். நோபல் வழக்குப் போட்டுத் தோற்றது தனிக்கதை. என்னைக் கேட்டால் நோபல் பக்கம்தான் நியாயம். கார்டைட் என்ற பெயர் 'கார்டு', அதாவது கயிறு என்பதில் இருந்து வந்தது. பார்க்கச் சேமியா மாதிரி நீள நீளமான இழைகள். .303 ரைஃபிள் தோட்டா ஒன்றுக்குள் அப்படிச் சுமார் 60 இழைகள் கட்டாக நிற்கும்.

முதல் கார்டைட்டில் 58 சதவீதம் நைட்ரோகிளிசரின், 37 சதவீதம் பருத்தி மருந்து, 5 சதவீதம் வாசலின். ஆமாம், உதட்டில் தடவுகிற அதே வாசலின். குழலுக்கு மசகாக இருக்கட்டும் என்று சேர்த்தார்கள். அந்த வேலையை அது உருப்படியாகச் செய்யவில்லை; ஆனால் மருந்து மெல்லச் சிதையும்போது வெளிவரும் பொருள்களை உறிஞ்சிக்கொண்டு மருந்தைக் காப்பாற்றியது. வேற எதுக்கோ போட்டது, வேற எதுக்கோ உதவியது. நைட்ரோகிளிசரின் இவ்வளவு இருந்ததால் தீயின் சூடு குழலையே தின்றது. போயர் போருக்குப் பிறகு அதை 30 சதவீதமாகக் குறைத்து, பருத்தி மருந்தை 65 ஆக்கி, கார்டைட் எம்.டி. என்று வெளியிட்டார்கள்.

சேமிப்பில் கெட்டுப்போவது எவ்வளவு பயங்கரம் என்பதைப் பிரெஞ்சுக் கடற்படை கற்றுக்கொண்டது. 1907 மார்ச் 12 அன்று தூலோன் துறைமுகத்தில் பழுதுபார்க்க நிறுத்தியிருந்த ஈயெனா என்ற போர்க்கப்பலின் மருந்தறை வெடித்துச் சுமார் 120 பேர் இறந்தார்கள். 1911 செப்டம்பர் 25 அன்று அதே தூலோனில் லிபெர்த்தே கப்பல். இருநூறு பேருக்கும் மேல். எதிரி யாரும் சுடவில்லை. அறையில் இருந்த பழைய புகையில்லா மருந்து தானாகச் சிதைந்து தீப்பிடித்தது என்றே கருதப்பட்டது. டைபீனைலமின் போன்ற நிலைப்படுத்திகளைச் சேர்ப்பது, மாதிரி எடுத்துச் சோதிப்பது, கப்பலின் மருந்தறைகளைக் குளிரூட்டுவது எல்லாம் அந்தக் காலத்தில் வழக்கமாயின. பிணம் விழுந்த சிக்கலுக்குப் பணம் ஒதுக்கினார்கள். இரண்டாவது வகை ஸ்டேபிள் அப்படித்தான் சீக்கிரம் தீர்ந்தது.

முதல் வகையில் யாரும் கூட்டமாகச் சாகவில்லை. பீரங்கிப் படை அதை ஒரு கணக்காக மாற்றிவிட்டது: மருந்துப் பொதியின் சூட்டை வெப்பமானியால் அளந்து, அட்டவணையைப் பார்த்துத் திருத்திச் சுடு. அந்த அட்டவணைகளின் அடிப்படை வெப்பநிலையே வேடிக்கையானது. அமெரிக்கர்களுக்கு 70 டிகிரி பாரன்ஹீட், அதாவது 21 செல்சியஸ். சோவியத் காரர்களுக்கு 15 செல்சியஸ். அவரவர் ஊரின் இதமான நாள்தான் உலகத்தின் 'சாதாரண' நாள். சென்னையில் இரண்டுமே நண்பகலில் எந்த மாதமும் வராது. காலாட்படைக்கோ முந்நூறு கெஜத்தில் இந்த வித்தியாசம் பெரிசாகத் தெரியவே தெரியாது. ஆக ராணுவத்துக்கு அவசரம் இல்லை.

அவசரம் இருந்தது ஒரே ஒரு கூட்டத்துக்கு. காட்டில் யானைக்கும் காட்டெருமைக்கும் எதிரே நின்ற வேட்டைக்காரர்கள். இன்றைக்கு அந்த வேட்டையை நினைத்தால் நமக்கு உவப்பாக இல்லை, சரிதான். ஆனால் இந்தத் தொழில்நுட்பக் கதை அவர்கள் வழியாகத்தான் நகர்ந்தது.

அவர்கள் கையில் இருந்தது பிரிட்டிஷ் இரட்டைக் குழல் ரைஃபிள். நடுவில் மடித்துத் திறக்கும் வகை. 1898-ல் ஜான் ரிக்பி கொண்டுவந்த .450 நைட்ரோ எக்ஸ்பிரஸில் இருந்து இது கார்டைட் யுகம். .450 அளவுத் தோட்டாக்கள் கலகக்காரர்களின் பழைய மார்ட்டினி ரைஃபிள்களுக்குப் போய்விடும் என்று பயந்து 1907-ல் இந்திய அரசு அந்த அளவையே தடை செய்ய, .470, .465 என்று புதுப்புது அளவுகள் முளைத்தன. லண்டன் துப்பாக்கிக் கடைகளுக்கு ஒரு அரசாணை கொடுத்த வியாபாரம்.

இந்த ரைஃபிள்களில் ஒரு பலவீனம் உண்டு. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டும். அழுத்தம் தணிந்ததும் கொஞ்சம் சுருங்கி விடுபடும். அழுத்தம் அளவுக்கு மீறினால் ஒட்டினது ஒட்டினதுதான். போல்ட் வகை ரைஃபிளில் கைப்பிடியைத் தூக்கும்போதே நெம்புகோல் மாதிரி ஒரு பலம் கூட்டைப் பிடுங்கும். மடித்துத் திறக்கும் துப்பாக்கியில் அந்தப் பலம் கிடையாது. இங்கிலாந்தின் குளிரில் அளந்து நிரப்பிய கார்டைட், இந்தியாவின் மே மாதத்தில் பையிலேயே 40 டிகிரிக்குச் சூடாகி, சுட்டவுடன் கூடு சிக்கிக்கொண்டால் என்ன ஆகும்? முதல் இரண்டு குண்டுகளுக்குப் பிறகு கையில் இருப்பது ஒன்பது, பத்து பவுண்டு எடையுள்ள தடி. எதிரே அடிபட்ட யானை.

அதனால்தான் தோட்டாக் கம்பெனிகள் 'டிராப்பிகல் லோடு' என்று தனியாக ஒன்றை விற்றன. அதே கூடு, அதே குண்டு, கார்டைட் மட்டும் சில கிரெயின் குறைவு. குளிர்ந்த ஊரில் சுட்டால் சோர்வாகப் போகும். வெயிலில் சுட்டால் முழுத் தோட்டாவின் வேகத்தை ஏறக்குறைய எட்டிவிடும். மீதியை வெயிலே நிரப்பிவிடும் என்று கணக்கு. ஜிம் கார்பெட் வைத்திருந்த ஜெஃப்ரி .450/400 மாதிரி அளவுகளுக்கும் இப்படிக் குறைந்த மருந்துத் தோட்டாக்கள் இருந்தன. இன்னொரு உபாயம், கூட்டையே பெரிதாக்குவது. 1911-ல் வந்த .416 ரிக்பியின் கூடு தேவைக்கு மீறிப் பருத்திருப்பதைப் பார்த்து இன்றைய ஆட்கள் வீண் என்பார்கள். வீண் இல்லை. காலி இடம் அதிகம் இருந்தால் அழுத்தம் தாழ்ந்து நிற்கும். வெயில் அதைக் கொஞ்சம் ஏற்றினாலும் ஆபத்துக்குப் போகாது. பல வருஷம் கழித்து, 1956-ல், .458 வின்செஸ்டர் மேக்னம் எதிர்ப்பக்கம் போனது. குட்டையான கூட்டில் மருந்தை அமுக்கி அடைத்தார்கள். சில காலத்தில் ஆப்பிரிக்காவில் இருந்து புகார்கள்: மருந்து கட்டிதட்டிப்போகிறது, வேகம் விழுகிறது. ரிக்பியின் பருத்த கூட்டுக்குப் பிறகுதான் மரியாதை கூடியது.

கவனிக்க வேண்டியது, இதில் வேட்டைக்காரன் கையில் எதுவும் இல்லை. பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை நம்பி வாங்க வேண்டியதுதான். கார்டைட் தோட்டாவை மேசையில் நிரப்பவே முடியாது என்பது பலருக்குத் தெரியாது. .303 போன்ற கழுத்துக் குறுகிய கூடுகளில், இழைக் கட்டை நேரான கூட்டுக்குள் இறக்கிவிட்டு அப்புறம்தான் ஆலையில் கழுத்தை நெரித்துக் குறுக்குவார்கள். பாட்டிலுக்குள் கப்பல் கதைதான். போதாததற்குக் கேப்பும் பெர்டன் வகை. ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள், சுட்ட கேப்பைக் குத்தி வெளியே தள்ள வழியில்லை. நடுவில் ஒற்றை ஓட்டையோடு எளிதாகத் தள்ளக்கூடியது பாக்ஸர் வகை. இதில் ஒரு தமாஷ்: பெர்டன் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, பிரிட்டன் பெர்டனை எடுத்துக்கொண்டது.

அந்த ஒற்றை ஓட்டைதான் அமெரிக்காவின் வீட்டு மேசைகளைத் திறந்துவிட்டது என்று சொன்னால் மிகை இல்லை. அங்கே மருந்தும் இழை இல்லை, சின்னச் சின்னத் துணுக்கு. கரண்டியில் அள்ளிப் போடலாம், தராசில் நிறுக்கலாம். 1880களிலேயே ஜான் பார்லோவின் 'ஐடியல்' நிரப்புக் கருவிகள், கையேடுகளோடு விற்பனைக்கு வந்துவிட்டன. கடை தூரம், பணம் குறைவு, கூடு கையில் இருக்கிறது. சிக்கனத்தில் பிறந்த பழக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அது பெரிசானது. பல டன் ராணுவ மருந்து மிச்சம். கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கி, பழைய ரயில் பெட்டி ஒன்றை மேய்ச்சல் நிலத்தில் நிறுத்தி அதில் சேமித்து, சில்லறையில் விற்றார். எம்1 காரண்ட் ரைஃபிளின் தோட்டாவுக்காகச் செய்த 4895, 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாவில் இருந்து எடுத்த 4831. இந்த எண்கள் இன்றைக்கும் அவர்களிடம் பொன்னி, சீரகச் சம்பா மாதிரி புழங்குகிற பெயர்கள்.

அப்பவும் வெயில் ஒரு வதந்தியாகத்தான் இருந்தது. "கோடையில் போல்ட் இறுகுது", "குளிர்காலத்தில் குண்டு கீழே அடிக்குது" என்பார்கள். அளக்க வழி இல்லை. குண்டின் வேகத்தை அளக்கும் கருவி 1860களிலேயே பெல்ஜியத்தில் லெ பூலாஞ்சே செய்துவிட்டார். ஆனால் அது அரசாங்கச் சோதனைக் கூடத்துச் சாமான். 1960களில் டெக்சஸில் கென் ஓலர் என்ற பொறியாளர் தனிமனிதர்கள் வாங்கக்கூடிய குரோனோகிராஃப்களை விற்கத் தொடங்கினார். குழலுக்கு முன்னால் இரண்டு உணரிகள். குண்டு ஒன்றைக் கடந்து மற்றதைக் கடக்க எடுக்கும் நேரத்தில் இருந்து வேகம் கிடைக்கும். இதுதான் திருப்பம் என்பது என் கட்சி. வேதியியல் இல்லை, வெறும் கடிகாரம். ஒருவர் ஜனவரியில் நிரப்பிய தோட்டாவை ஜூலையில் சுட்டுப் பார்த்தார், எண் வேறு. நோட்டில் எழுதினார். இன்னொருவர் ஐஸ் பெட்டியில் பாதி, கார் முன்கண்ணாடி அருகே பாதி என்று வைத்துச் சுட்டார். பெரிய படைகள் அட்டவணையில் அடக்கிவிட்ட சிக்கல், ஆயிரக்கணக்கான தனி நோட்டுகளில் மறுபடி வெளியே வந்தது.

அந்த நோட்டுகளுக்குப் பதில் வந்தது அமெரிக்காவில் இருந்து இல்லை, ஆஸ்திரேலியாவில் இருந்து. நியூ சவுத் வேல்ஸின் முல்வாலாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எழுந்த அரசு மருந்துத் தொழிற்சாலை. வெயில் என்னவென்று தெரிந்த நாடு. அங்கே செய்த மருந்துகளை 1990களில் ஹாட்ஜ்டன் கம்பெனி 'எக்ஸ்ட்ரீம்' என்ற வரிசையில் விற்கத் தொடங்கியது: வார்கெட், எச் 4350, எச் 1000. பூஜ்ஜியம் டிகிரி பாரன்ஹீட்டில் இருந்து 125 வரை வேகம் பெரிதாக மாறாது என்பது அவர்கள் சொன்னது. துணுக்கின் கலவை, வடிவம், மேலே பூசுகிற எரிதணிப்பான் ஆகியவற்றைச் சூடு கூட்டுவதை இன்னொன்று குறைக்கும்படி அமைப்பது இதன் சாரம். முன்பு சொன்ன ஊட்டி–வேலூர் வித்தியாசத்தில் 50 அடிக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு அடி. 600 கெஜத்தில் ஒரு அங்குலம். பின்னால் கனடாவில் செய்த 'எண்டியூரான்' போன்ற மருந்துகளும் போட்டிக்கு வந்தன.

டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அனுபவசாலிகள் எல்லோரும் சொல்கிறார்கள். மருந்து தனியாக ஸ்டேபிள் ஆவதில்லை. குறிப்பிட்ட கூடு, குறிப்பிட்ட குண்டு எடை, குறிப்பிட்ட கேப் இவற்றோடு சேர்ந்துதான் ஆகிறது. .308-ல் அசையாமல் நின்ற மருந்து வேறு கூட்டில் அசைந்து காட்டும். நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை அடிப்படை மருந்துகள் பொதுவாக வெயிலுக்கு அதிகம் அசையும். ஆனால் அதிலும் விதிவிலக்குகள் உண்டு. இன்னொன்று, வெளி வெப்பநிலை மட்டும் போதாது. இருபது தடவை சுட்டுச் சூடான குழலுக்குள் ஒரு தோட்டாவை வைத்துவிட்டு நிதானமாகக் குறிபார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஒரு தோட்டாவுக்கு மட்டும் தனி மே மாதம். அதனால்தான் போட்டிக்காரர்கள் குறி வந்த பிறகே தோட்டாவை உள்ளே தள்ளுகிறார்கள்.

கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் பழைய இரட்டைக் குழல் ரைஃபிள்களின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குழலைக் கழற்றினால் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும்: "கார்டைட் 75-500 மேக்ஸ்." 75 கிரெயின் கார்டைட், 500 கிரெயின் குண்டு, இதற்கு மேல் போகாதே. .470-க்கான அளவு அது.

அது வெறும் எச்சரிக்கை இல்லை. இரட்டைக் குழலில் இரண்டு குழல்களும் இணையாக ஓடுவதில்லை. முனையில் லேசாக நெருங்கும்படி ஈயப்பற்று வைத்து ஒட்டப்பட்டவை. சுடும்போது துப்பாக்கி உதைத்து ஒரு பக்கம் ஒதுங்கும். குண்டு குழலுக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அந்த அளவுக்கு ஒதுங்கும். அதையெல்லாம் ஈடுகட்டி இரண்டு குண்டும் ஒரே இடத்தில் விழும் வரை, ஒரு ஆள் சுட்டுப் பார்த்து, பற்றை உருக்கி, குழலை மயிரிழை நகர்த்தி, மறுபடி ஒட்டி, மறுபடி சுடுவார். 'ரெகுலேஷன்' என்று பெயர். அந்த ஒட்டல் ஒரே ஒரு வேகத்துக்குத்தான் சரி. .470-க்கு வினாடிக்கு 2150 அடி. குண்டு வேகமாகப் போனால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நெருங்கிக் குறுக்கே பாயும். மெதுவாகப் போனால் விலகும். அதாவது அந்த ரைஃபிளின் இரும்புக்குள்ளேயே ஒரு மருந்தும், அந்த மருந்து இருந்த ஒரு நாளின் சூடும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. முழு மருந்துக்கு ஒட்டிய ரைஃபிளில் டிராப்பிகல் தோட்டாவைக் குளிர்ந்த காலையில் போட்டால் குழலுக்கு ஒரு திசை.

கார்டைட் இழைத் தோட்டாக்கள் இப்போது விற்பனைக்கு வருவதில்லை. தாத்தா காலத்து .470 கையில் இருக்கிற அமெரிக்கக்காரர் ஒருவர், பாக்ஸர் கேப் பொருந்தும் புதுப் பித்தளைக் கூடு வாங்கி, வெயிலுக்கு அசையாத துணுக்கு மருந்து ஒன்றைத் தேர்ந்து, குரோனோகிராஃப்பை முன்னால் வைத்து, பாதுகாப்பான எல்லைக்குள் அரை கிரெயின் அரை கிரெயினாக மாற்றிச் சுடுகிறார். எண் 2150-ஐ நெருங்க நெருங்க, அட்டையில் இடக்குழல் ஓட்டையும் வலக்குழல் ஓட்டையும் பக்கம் பக்கமாக வருகின்றன. ஓரிடத்தில் இரண்டும் தொட்டுக்கொள்கின்றன. அந்த எடையை நோட்டில் எழுதி, பக்கத்தில் அன்றைய வெப்பநிலையையும் எழுதி வைக்கிறார்.